மெட்-சர்ஜ் (மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங்) பாடத்தை மறுபடி படிக்க எது நல்ல வழி: புத்தகமா, கேள்வி வங்கியா, கட்டிலில் இருக்கும் நோயாளியா?

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் காலை. பிபி பார்க்க கஃப்பைச் சுற்றிக் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் தடவை சத்தம் சரியாகப் பிடிபடவில்லை, மறுபடி ஏற்றினேன். "சிஸ்டர், நேத்து ராத்திரியிலிருந்து உதட்டைச் சுத்தி மரத்த மாதிரி இருக்கு, விரல் நுனியில எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா. "படுத்தே இருக்கீங்க இல்லையா, அதனாலதாம்மா" என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். கஃப் கட்டியிருந்த கையில் மணிக்கட்டு மெல்ல உள்பக்கம் வளைந்தது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது, மற்ற விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதைக் கவனித்தது நான் இல்லை, பின்னால் நின்ற மூத்த சிஸ்டர். "காத்த இறக்கு, டாக்டரைக் கூப்பிடு, கால்சியம் பார்க்க ரத்தம் எடு" என்றார். அதற்குள் அவர் கை கால்சியம் குளுக்கோனேட் ஆம்பியூலைத் தேடிப் போயிருந்தது.

அது ட்ரூசோ அறிகுறி: ரத்தத்தில் கால்சியம் குறைந்தவருக்குக் கஃப்பில் காற்றேற்றினால் கை இப்படி இறுகும். தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். தைராய்டை எடுக்கும்போது, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளுக்குப் பாதிப்பு வந்தால் கால்சியம் இறங்கும், உதட்டைச் சுற்றி மரப்பு வரும், கவனிக்காமல் விட்டால் குரல்வளை இறுகி மூச்சே அடைக்கும் என்பதெல்லாம் அன்று காலை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் என் மனதில் அந்த அறிவு 'தைராய்டு அறுவையின் பின்விளைவுகள்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. நோயாளி வந்தது 'எறும்பு ஊருது' என்ற தலைப்பில்.

மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங்கை மறுபடி படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்தப் புத்தகம் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். எந்த வழியில் படித்தால் படித்தது கட்டிலருகே ஞாபகத்துக்கு வரும் என்று கேட்பதே சரியான கேள்வி என்பது என் எண்ணம். அந்தக் கண்ணோட்டத்தில்தான் இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் வார்டில் இன்று இருக்கும் ஒரு நோயாளியிலிருந்து தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குத் துணை. இது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பது

இதுதான் மனதுக்கு நிறைவு தரும் வழி. ஒவ்வோர் உறுப்பு மண்டலமாக, உடற்கூறு, நோய் உண்டாகும் விதம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை, செவிலியப் பராமரிப்பு என்று வரிசையாகப் போகும். எதுவும் விட்டுப்போகாது. சிக்கல் என்னவென்றால், புத்தகம் பெரியது. இதயத்தை முடித்து சிறுநீரகத்துக்கு வரும்போது இதயம் பாதி மறந்துபோயிருக்கும்.

மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, அதையே மூன்று தடவை வாசிப்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 2006ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஒரு உரைப்பகுதியைப் படிக்கவைத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61. படித்து முடித்த கையோடு 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுகிறதே, அந்த உணர்வை நம்பக்கூடாது. நைட் டியூட்டி வருவது ஒரு வாரம் கழித்துத்தான்.

ஆனாலும் புத்தகத்தை ஒதுக்கிவைக்க நான் சொல்லமாட்டேன். மனப்பாடத்தைக் குறைப்பது நோய் உண்டாகும் விதத்தைப் புரிந்துகொள்வதுதான், அதைப் புத்தகம் அளவுக்கு வேறெதுவும் தருவதில்லை. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் சரியாகவோ கூடுதலாகவோ தெரியும். உண்மையில் உடலில் பொட்டாசியம் குறைந்திருக்கும். அமிலமும் இன்சுலின் இல்லாத நிலையும் அதைச் செல்லுக்கு வெளியே தள்ளியிருக்கும், சிறுநீரில் ஏராளமாகப் போயிருக்கும். இன்சுலின் ட்ரிப் ஓடத் தொடங்கியதும் பொட்டாசியம் செல்லுக்குள் திரும்பிப் போகும், ரத்தத்தில் விறுவிறுவென இறங்கும். இந்த ஒரு பத்தி புரிந்துவிட்டால் ஏன் இன்சுலினுக்கு முன் பொட்டாசியம் பார்க்கிறார்கள், ஏன் மானிட்டர் மாட்டுகிறார்கள், ஏன் சில மணிக்கொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

ஆகவே புத்தகத்துக்குக் கையில் ஒரு கேள்வியோடு போங்கள். அத்தியாயத்தைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள்: முதலில் பின்விளைவுகள், அப்புறம் பராமரிப்பு, கடைசியாக நோய் உண்டாகும் விதம். 'இந்தச் சிக்கல் ஏன் வருகிறது' என்ற கேள்வியோடு போய்ச் சேரும் பக்கம் வேறு மாதிரி மனதில் நிற்கும்.

கேள்வி வங்கி

தேர்வு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இங்கேதான் வருவார்கள், வரவும் வேண்டும். மேலே சொன்ன ஆய்வு சொல்வதும் இதைத்தான்: ஞாபகத்திலிருந்து எடுக்க எடுக்கத்தான் ஞாபகம் உறுதிப்படும். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, நல்ல கேள்விகள் முன்னுரிமையைப் பழக்குகின்றன என்பது. நான்கு நோயாளிகள், யாரை முதலில் போய்ப் பார்ப்பீர்கள்? சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர், ஆக்சிஜன் செறிவு 89 சதவீதம். நேற்று குடல் அறுவை முடிந்தவர், பிபி 112/70, பல்ஸ் 118, 'என்னமோ பண்ணுது' என்று புரண்டுகொண்டே இருக்கிறார். மூட்டு மாற்று முடிந்து வலிக்கு மருந்து கேட்பவர். இன்று வீட்டுக்குப் போகவேண்டியவர்.

புதிதாக வந்தவர் 89ஐப் பார்த்து சிஓபிடி நோயாளியிடம் ஓடுவார். கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ள அவருக்கு இலக்கே 88 முதல் 92தான். போகவேண்டியது குடல் அறுவைக்காரரிடம். உள்ளே ரத்தம் கசிந்தால் பிபி கடைசியில்தான் விழும். அதற்கு முன் பல்ஸ் ஏறும், மனம் நிலைகொள்ளாது, சிறுநீர் குறையும். 'பிபி நார்மல்' என்ற சொல் அந்த நேரத்தில் ஆளை ஏமாற்றிவிடும். இந்த மாதிரிக் கேள்வி ஒன்றைத் தப்பாகப் போட்டு, ஏன் தப்பு என்று பத்து நிமிடம் யோசித்தவருக்கு அது மறக்காது.

அமெரிக்காவில் செவிலியர் உரிமத்துக்கு எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் மாறியதும் இந்தத் திசையில்தான். ஒரு நோயாளியின் கதையை விரித்துவைத்து ஆறு படிகளில் கேட்கிறார்கள்: எதைக் கவனித்தாய், அது எதைக் காட்டுகிறது, எது முதன்மை, என்னென்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலன் தந்ததா. அந்தத் தேர்வு எழுதாதவர்களும் இந்த ஆறு கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி வங்கியின் குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை. அங்கே தேவையான தகவலைப் பொறுக்கியெடுத்து உங்கள் முன்னால் வைத்துவிடுகிறார்கள். 'பல்ஸ் 118, புரண்டுகொண்டிருக்கிறார்' என்று எழுதியிருக்கிறது. வார்டில் அதை யாரும் எழுதிவைப்பதில்லை. அவர் போர்வையை இழுத்து இழுத்துப் போடுவதை நீங்கள்தான் பார்க்கவேண்டும். கூடவே நான்கு விடைகளும் தயாராக இருக்கின்றன. வார்டில் விடைகள் கிடையாது. ஒரே வங்கியை இரண்டு தடவை முடித்தவர்களுக்கு இன்னொன்றும் நடக்கும், கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததுமே விடை ஞாபகம் வந்துவிடும். அப்போது சதவீதம் ஏறும், அறிவு ஏறியிருக்காது. ஒரு நாளைக்கு நூறு கேள்வி போடுவதைவிட இருபது போட்டு, சரியாகப் போட்டதற்கும் 'மற்ற மூன்றும் ஏன் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்வது மேல்.

அட்டைகளும் வீடியோக்களும்

எண்களுக்கு, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் எழுதிய அட்டையை மிஞ்ச எதுவும் இல்லை. பொட்டாசியம் 3.5 முதல் 5.0, ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45, கரியமில வாயு அழுத்தம் 35 முதல் 45, பைகார்பனேட் 22 முதல் 26, கோமா அளவுகோல் 3 முதல் 15. இவற்றை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, தெரிந்திருக்கவேண்டும். இன்று ஒரு தடவை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். மறதி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தன்மேலேயே சோதித்து எழுதிவிட்டார்.

ஆனால் அட்டையின் பின்பக்கம் வெறும் எண்ணோடு நிற்கக்கூடாது. 'சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு 0.5 மில்லி' என்று எழுதினால் கூடவே '60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. இரண்டு மணி நேரம் இதற்குக் கீழே போனால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா பார், அப்புறம் சொல்' என்றும் எழுதுங்கள். எண்ணோடு செயலும் ஒட்டிக்கொள்ளும்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இதயத்தின் மின்னோட்டம், டயாலிசிஸ், செஸ்ட் டியூப் (நெஞ்சறையிலிருந்து காற்றையோ திரவத்தையோ வெளியேற்றும் குழாய்) பாட்டிலுக்குள் நடப்பது போல அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டியவற்றுக்கு அது அருமை. மற்றதற்கு வீடியோ பார்ப்பது நான்கு தடவை வாசிப்பது போலத்தான். பார்க்கும்போது எல்லாம் புரியும். நிறுத்திவிட்டு ஒரு தாளில் வரைந்து பார்த்தால்தான் என்ன நின்றது என்று தெரியும்.

கட்டிலிலிருந்து தொடங்கும் படிப்பு

இதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துக் காட்டுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்ட இளைஞர். இரவு இரண்டு மணிக்கு வலி என்கிறார். பத்து மணிக்குத்தான் மார்ஃபின் கொடுத்திருக்கிறீர்கள். முன்பு தணிந்த வலி இப்போது தணியவில்லை. டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபின், புத்தகத்தைத் திறக்காமல், ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இது மிக மோசமாக என்னவாக இருக்கலாம்? அது இருக்கிறதா இல்லையா என்று என் கையும் கண்ணும் அங்கேயே எப்படிக் கண்டுபிடிக்கும்? டாக்டர் வந்து சேரும்வரை நான் என்ன செய்வேன், என்ன செய்யவே மாட்டேன்?

முதல் விடை கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம். தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் அடைபடும் நிலை. இரண்டாவது விடையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'ஆறு அறிகுறிகள்' என்று பட்டியல் ஞாபகம் வரும், அதில் நாடி இல்லாமை என்பதையும் எழுதுவார்கள். நாடி போவது மிகவும் தாமதமான கட்டம்; பாதத்தில் நாடி நன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம். முதலில் வருவது காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி. கால்விரல்களை நாம் மெல்ல மேலே நீட்டிவிடும்போது அவர் துடித்துப்போவார். அந்த ஒரு தொடுதல்தான் கட்டிலருகே உங்களிடம் இருக்கும் சோதனை. மூன்றாவது: கால் இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். வீக்கம் என்றாலே தலையணை வைத்து உயர்த்தும் பழக்கம் நம் கையில் ஊறிப்போயிருக்கிறது. இங்கே உயர்த்தினால் உள்ளே போகும் கொஞ்ச ரத்தமும் குறையும். ஐஸ் வைக்கக்கூடாது. இறுக்கமான கட்டு இருந்தால் அதைத் தளர்த்தவோ மாவுக்கட்டைப் பிளக்கவோ உடனே ஏற்பாடு. அறுவை மருத்துவருக்கு உடனே தகவல், விடியும்வரை காத்திருக்கக்கூடாது. தசையைக் காப்பாற்ற இருப்பது சில மணி நேரம்தான்.

இதை எழுதிய பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். விட்டுப்போனதைச் சிவப்பில் எழுதுங்கள். அடுத்து ஒரு கேள்வியை நீங்களாகக் கூட்டுங்கள்: தசை நிறையச் செத்தால் என்ன ஆகும்? அதிலிருந்து மையோகுளோபின் என்ற தசைப் புரதம் வரும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும், சிறுநீரகம் அடிபடும். செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் கொட்டும், ஈசிஜியில் டி அலை கூராக எழும். எலும்பு, சிறுநீரகம், மின்பகுளி (பொட்டாசியம் போன்ற உப்புகள்), இதயம் என்று புத்தகத்தில் நான்கு மூலைகளில் கிடந்தவை ஒரு காலின் வலியைச் சுற்றி ஒன்றுசேர்ந்துவிட்டன. நோயாளியிலிருந்து தொடங்குவதை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம். உடல் அத்தியாயம் பிரித்து நோய்ப்படுவதில்லை.

செவிலியப் பேராசிரியர் கிறிஸ்டின் டானர் 2006ல் செவிலியரின் தீர்மானம் உருவாகும் விதத்தை நான்கு சொற்களில் வைத்தார்: கவனித்தல், பொருள்கொள்ளுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல். புத்தகம் இரண்டாவதுக்கு உதவும். கேள்வி வங்கி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும். முதலாவதைப் பழக்குவது நோயாளி மட்டுமே. அன்று தைராய்டு அம்மாவிடம் நான் கோட்டைவிட்டதும் அந்த முதல் படியில்தான். இது சின்ன விஷயம் இல்லை. 1992ல் ஜெஃப்ரி சில்பரும் உடன் ஆய்வாளர்களும் அறுவை நோயாளிகளை ஆராய்ந்து, சிக்கல் வருவது பெரும்பாலும் நோயாளியின் உடல்நிலையைப் பொறுத்தது, வந்த சிக்கலிலிருந்து காப்பாற்ற முடிகிறதா என்பது மருத்துவமனையைப் பொறுத்தது என்று காட்டினார்கள். மருத்துவமனை என்றால் இரவு இரண்டு மணிக்கு அங்கே யார் நின்றுகொண்டிருக்கிறார் என்பதும் அதில் அடக்கம்.

இந்த வழியின் குறையையும் சொல்லவேண்டும். உங்கள் வார்டில் வராத நோய் உங்கள் படிப்பிலும் வராது. எலும்பு வார்டில் ஐந்து வருடம் இருப்பவர் முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு பிபி திடீரென எகிறும் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியாவை நன்றாகச் சொல்லுவார். வயிற்றறை வழியாகச் செய்யும் பெரிடோனியல் டயாலிசிஸில் திரவம் கலங்கலாக வந்தால் பெரிடோனைட்டிஸ் (வயிற்றறை அழற்சி) என்று சந்தேகிக்கவேண்டும் என்பதை மறந்திருப்பார். அதனால் வாரத்தில் ஒரு நாள் வார்டுக்கு வெளியே போங்கள். கேள்வி வங்கியிலிருந்து உங்களுக்குப் பழக்கமில்லாத மண்டலத்தில் இருபது கேள்வி எடுங்கள். துணை என்று மேலே சொன்னது இதைத்தான்.

இன்னொரு குறை, தனியாகச் செய்தால் தப்பை யாரும் திருத்தமாட்டார்கள். ஒரு தோழி இருந்தால் நல்லது. ஹேண்ட்ஓவர் முடிந்து கிளம்பும் முன் ஐந்து நிமிடம், "இன்னிக்கு என் மூணாம் கட்டில் அக்காவுக்கு செஸ்ட் டியூப் பாட்டில்ல விடாம குமிழி வருது, என்னன்னு சொல்லு" என்று கேளுங்கள். நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்குவது இயல்பு. நுரையீரலுக்கு வெளியே இருந்த காற்று வெளியேறும்போது இடையிடையே குமிழி வரும். நீர்த்தடை அறையில் விடாமல் கொப்பளித்தால் எங்கோ காற்று கசிகிறது, இணைப்புகளைப் பார்க்கவேண்டும். டியூப் பாட்டிலிலிருந்து கழன்றுவிட்டால் நுனியைக் கிருமியில்லாத நீரில் அமிழ்த்தவேண்டும். பதில் சொல்பவருக்குப் பாதி ஞாபகம் வரும், கேட்டவருக்கு மீதி.

பழைய நோட்ஸ் வேண்டாம்

மறுபடி படிக்கும்போது பலரும் கல்லூரி நோட்ஸைத் தூசி தட்டி எடுப்பார்கள். சொந்தக் கையெழுத்து, பழகிய பக்கம். எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் நாங்கள் படித்த சில விஷயங்கள் இப்போது தப்பு, அவற்றை உறுதியாக மனப்பாடம் செய்துவைத்திருப்பதே ஆபத்து.

மூக்குவழிக் குழாய் வயிற்றில் இருக்கிறதா என்று பார்க்கக் காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கக் கற்றுத்தந்தார்கள். நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். உறிஞ்சியெடுத்த திரவத்தின் பிஎச் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதும் எக்ஸ்ரேயும்தான் இப்போது நம்பத்தக்கவை. அதிர்ச்சி நிலையில் (ரத்த ஓட்டம் போதாத ஷாக்) தலையைத் தாழ்த்தி உடலைச் சாய்க்கச் சொன்னார்கள். அதை இன்று பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, மூச்சுக்கும் சிரமம். அறுவைக்கு முந்தைய நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டு நீரும் கூடாது என்றார்கள். இப்போது பொதுவாக ஆரோக்கியமானவர்களுக்குத் தெளிந்த திரவங்களை மயக்கமருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை அனுமதிக்கிறார்கள். உங்கள் மருத்துவமனையின் நெறிமுறை என்ன சொல்கிறது என்று கேட்டு அதையே பின்பற்றுங்கள். ஆனால் நெறிமுறை ஏன் மாறியது என்று படித்து வைத்தவருக்குத்தான் நோயாளியின் வீட்டாருக்கு விளக்கத் தெரியும்.

பழைய நோட்ஸை ஒரே ஒரு விதத்தில் பயன்படுத்தலாம். புதிய பதிப்பு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாறியிருப்பதை அடித்துத் திருத்துங்கள். எங்கே மாறியிருக்கிறது என்று தேடுவதே நல்ல படிப்பு.

கையால் செய்யும் வேலைகளுக்கு இந்த எந்த வழியும் போதாது. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும் என்று அட்டையில் இருக்கும். கை அதைச் சில மாதங்களில் மறந்துவிடும். பொம்மையின் மேல் செய்து பார்க்க வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

யார் எதை எடுப்பது

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும் மாணவர் என்றால் கேள்வி வங்கிதான் முதல், கூச்சப்படவேண்டாம். காலையில் இருபது கேள்வி, தப்பான இடத்துக்குப் புத்தகம், எண்களுக்கு அட்டை. வார்டு போஸ்டிங் இருக்கும் நாளில் ஒரு நோயாளியை மூன்று கேள்வி முறையில் எழுதினால் அதுவே போதும்.

வார்டில் வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு நேரம்தான் இல்லை. பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்குப் பிறகு அத்தியாயம் படிக்கச் சொல்வது நியாயமில்லை. இருபது நிமிடம், ஒரு நோயாளி, ஒரு தாள். வாரம் மூன்று நோயாளி என்றால் வருடத்தில் நூற்றைம்பதைத் தாண்டும். அந்தத் தாள்களில் நோயாளியின் பெயரோ அடையாளமோ எழுதாதீர்கள். 'காலில் மாவுக்கட்டு, தணியாத வலி' என்று தலைப்பிட்டால் போதும், பின்னால் தேடவும் அதுதான் சுலபம்.

சில வருடங்கள் வேலையை விட்டிருந்து திரும்புபவருக்கு என் வழி பொருந்தாது. எதைக் கவனிப்பது என்ற அடிப்படையே மங்கியிருக்கும்போது நோயாளியிலிருந்து தொடங்கினால் பயம்தான் மிஞ்சும். அவர் புத்தகத்திலிருந்தே தொடங்கட்டும், ஆனால் எல்லா அத்தியாயமும் வேண்டாம். திரவமும் மின்பகுளியும், அமில-கார சமநிலை, அதிர்ச்சி நிலை, மூச்சுத்திணறல், அறுவைக்கு முன்னும் பின்னுமான பராமரிப்பு, நீரிழிவு, ரத்தம் ஏற்றுதல். எந்த வார்டுக்குப் போனாலும் இந்த ஏழும் கூடவே வரும். இவை முடிந்தபின் கேள்வி வங்கிக்குப் போகலாம். மருந்துகளில் மட்டும் அவசரம் கூடாது. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், மார்ஃபின் இந்த நான்கையும் வேலையில் சேரும் முன்பே தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டும். பொட்டாசியத்தை ஒருபோதும் நேராகச் சிரைக்குள் சிரிஞ்சால் தள்ளக்கூடாது என்பது எவ்வளவு வருடம் கழித்து வந்தாலும் மறந்திருக்கக் கூடாத வரி.

வார்டு மாறுபவர்தான் இன்னும் மிச்சம். சர்ஜிகலிலிருந்து மெடிக்கலுக்கோ ஐசியுவுக்கோ போகிறீர்கள், சேர ஒரு வாரம்தான் இருக்கிறது. அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: இங்கே அதிகமாகப் படுத்திருக்கும் மூன்று நோய் எது, கடைசியாக நீங்கள் ஓடிய மூன்று அவசரம் எது. முதல் மூன்றை நீங்களே ஊகித்திருப்பீர்கள். இரண்டாவது மூன்று எந்தப் புத்தகத்தின் பொருளடக்கத்திலும் அந்த வரிசையில் இருக்காது. அந்த வாரத்தில் அதை மட்டும் படியுங்கள்.